செஞ்சிக் கோட்டைக்கு ஏற்ற அட்டை



2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர் காலத்துப் போர் அரண்கள் என்று ஒன்றாகத் தொகுக்கப்பட்ட 12 கோட்டைகளுள் 11 மகாராட்டிர மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் நாம் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகும் அந்தக் குன்றுகள்தாம். அச்செய்தி வந்தது முதல் நம் வட்டாரத்துப் பள்ளிக் கண்காட்சிகளில் செஞ்சிக் கோட்டையின் மாதிரி உருவத்தை நான் அடிக்கடி காண்கிறேன். தாளும் அட்டையும் பசையும் கொண்டு இராசகிரியை எழுப்பிக் கல்யாண மகாலைக் கட்டிக் கண்ணெதிரே நிறுத்த வேண்டும் என்னும் ஆவல் மிகவும் பாராட்டத் தக்கது.

ஆனால், அவற்றுள் பல கண்காட்சி நாள் வரை நிமிர்ந்து நிற்பதில்லை. திண்டிவனம் வட்டத்துப் பள்ளி ஒன்றில், மழைக்காலத்து நவம்பரில், ஐந்து மாணவியர் மூன்று வாரம் உழைத்துச் செய்த கல்யாண மகாலைப் பார்த்தேன். வளைவு வாயில்களை அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள்! எனினும் சுவர்கள் நான்கும் வயிறு பிதுங்கினாற்போல் வெளியே வளைந்திருந்தன. கூரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சிற்றுண்டிக் காசைச் சேர்த்து வைத்து அட்டை வாங்கினோம் என்று அவர்கள் கூறினார்கள். பசை கெட்டுவிட்டது என்பது அவர்கள் எண்ணம். பசையின்மேல் குற்றமில்லை, கைத்திறனிலும் குறையில்லை. வாங்கிய அட்டை அந்த வேலைக்கு உரியதன்று. அதை வெட்டிய திசையும் அதற்கு ஏற்றதன்று. இவ்விரண்டையும் முன்னமே அறிந்திருந்தால் அதே காசில், அதே உழைப்பில், அந்த மாளிகை நேராக நின்றிருக்கும். ஆதலின் இன்று அட்டையைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன்.

நம் மொழியில் அட்டை என்பது குருதியை உறிஞ்சும் பூச்சிக்கும் பெயர். புத்தகத்தின் மேலுறைக்கும் பெயர். பின்னதைப் பற்றியே இப்பேச்சு. காகிதம் என்னும் சொல் பாரசீகம், அரபு வழியாக நம்மிடம் வந்தது. கடுதாசி என்பதோ போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. தரங்கம்பாடிக்கு அருகே பொறையாற்றில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சமய ஊழியர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு காகிதப் பட்டறையை அமைத்தார்கள். அவ்விடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் வழங்கலாயிற்று. தமிழில் அச்சிட விரும்பியவர்களுக்கு எழுத்தை வார்ப்பதற்கு அடுத்த கவலை தாளாகத்தான் இருந்தது.

கடைக்குப் போகிறோம். "கனமான அட்டை ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிறோம். இங்கேயே முதற் குழப்பம் தொடங்கிவிடுகிறது. கனம் என்னும் சொல்லை நாம் எடைக்கும் வழங்குகிறோம்; தடிமனுக்கும் வழங்குகிறோம். அட்டையைப் பொறுத்தவரை இவை இரண்டும் வேறு வேறு. கடைக்காரர் "300 ஜி.எஸ்.எம்." என்று சொல்வது எடையை. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள அட்டை 300 கிராம் நிறுக்கும் என்பதே அதன் பொருள். அது எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதை அந்த எண் நேராகச் சொல்வதில்லை.

இந்த எடையை நீங்களே கண்டறியலாம். நாம் நாள்தோறும் எழுதும் ஏ4 தாள் இருக்கிறதே, அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு. இது தற்செயலாக அமைந்ததன்று. ஒரு சதுர மீட்டர்ப் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக மடித்தால் ஏ4 கிடைக்குமாறு 1922-இல் செருமனியில் இந்த அளவு முறையை வகுத்தார்கள். ஆகவே ஏ4 அளவுள்ள அட்டை ஒன்றைப் பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்து 16-ஆல் பெருக்கினால் அதன் ஜி.எஸ்.எம். எண் வந்துவிடும். 5 கிராம் நிறுத்தால் 80. அது படி எடுக்கும் தாள். 15 கிராம் நிறுத்தால் 240. வீட்டில் கிடக்கும் பழைய திருமண அழைப்பிதழையும் இவ்வாறு அளக்கலாம். அளவு வேறாக இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பைக் கண்டு வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

தடிமனை அளப்பது இன்னும் எளிது. ஒரே வகை அட்டையில் பத்தை அடுக்கி, அடுக்கின் உயரத்தை அளவுகோலால் அளந்து, பத்தால் வகுத்தால் போதும். இவ்வாறு அளந்து பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு என்னும் வழவழப்பான அட்டை 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். அதே 300 ஜி.எஸ்.எம். எடையுள்ள, பெட்டி செய்யும் மடிப்பட்டை 0.45 மில்லிமீட்டர் வரை இருக்கும். முன்னதை உருளைகளுக்கிடையே அழுத்தி, மேலே சுண்ணப் பொடியும் வெண்களிமண்ணும் கலந்த பூச்சைப் பூசியிருக்கிறார்கள். பூச்சுக்கு எடை உண்டு, வலிமை இல்லை. அச்சிட்ட படம் பளிச்சென்று தெரிவதற்கு அது நல்லது. சுவர் கட்டுவதற்கு அது உதவாது. நான் சொன்ன மாணவியர் பணம் கொடுத்து வாங்கியது அந்த வழவழப்பையே.

தடிமன் ஏன் அவ்வளவு முக்கியம்? ஓர் அட்டை வளையாமல் நிற்கும் தன்மையை விறைப்பு என்போம். ஒரே பொருளால் ஆன அட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமனை இரு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒன்றரை மடங்காக்கினாலே விறைப்பு மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஓர் அட்டையை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள வேண்டும்; உட்புறம் குறுக வேண்டும்; நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது. எனவே விறைப்பைத் தருபவை இரு மேற்பரப்புகளே. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு உறுதி.

அட்டை ஆலைகள் இவ்வுண்மையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. நல்ல மடிப்பட்டை ஒரே கூழால் ஆனதன்று. மேலும் கீழும் வலிமையுள்ள இழைகள். நடுவில் பஞ்சுபோன்ற, இடம் அடைக்கும் மலிவான கூழ். கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பெற்றது. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதில் பெயர் பெற்றது. அந்நிறுவனமே 2016-இல் மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் டன் பல்லடுக்கு அட்டை செய்யக்கூடிய ஆலையை நிறுவியது. விழுப்புரம் சாலைகளில் ஊர்ந்து செல்லும் கரும்பு வண்டிகளையும், மரக்காணம் கரையோரத்துச் சவுக்குத் தோப்புகளையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். கரும்பின் சக்கையும் சவுக்கின் கட்டையும் கூழாகித் தாளாகும் பொருள்கள். நம் கையில் உள்ள அட்டை எங்கோ தொலைநாட்டுக் காட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கடையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை சில. சார்ட் அட்டை மெல்லியது; எழுதித் தொங்கவிடுவதற்கு உரியது. அதைக்கொண்டு கட்டடம் எழுப்ப முயல்வது வாழையிலையால் கூரை வேய்வது போன்றது. டூப்ளக்ஸ் அட்டை ஒருபுறம் வெண்மையும் மறுபுறம் சாம்பல் நிறமுமாக இருக்கும், மலிவானது, விறைப்பானது. ஐவரி அட்டை இருபுறமும் வெண்மையானது. கத்திக்குப் பிசிறின்றி அறுபடும். பிறகு, புத்தகம் கட்டுவோர் பயன்படுத்தும் தடித்த அட்டை. இதை இன்றும் ஸ்ட்ரா போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். முற்காலத்தில் வைக்கோலைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து மஞ்சள் நிறமாகச் செய்தது அது. இப்போது பெரும்பாலும் கழிவுத் தாளிலிருந்து செய்த சாம்பல் நிற அட்டையே அப்பெயரில் வருகிறது. இதனைச் சில கடைகளில் அவுன்ஸ் கணக்கில் விற்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அளவுகோலை எடுத்துச் சென்று தடிமனைப் பாருங்கள்.

காசே இல்லாமல் கிடைக்கும் அட்டையும் ஒன்று உண்டு. நாள்காட்டி அட்டை! நாள்தோறும் ஒரு தாளைக் கிழிக்கும் நாள்காட்டி இல்லாத வீடு நம் ஊர்களில் எங்கே இருக்கிறது? ஆண்டு முடிந்ததும் அதன் அட்டையைப் பரண்மேல் போட்டுவிடுகிறோம். தடித்த சாம்பல் அட்டையின்மேல் அச்சிட்ட தாளை ஒட்டியதே அது. தை மாதத்தில் ஒரு தெருவுக்குள் சுற்றி வந்தால் ஒரு கோட்டைக்கு வேண்டிய அட்டை சேர்ந்துவிடும் என்பது என் கருத்து. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பெறுவதில் ஒரு நன்மையும் உண்டு: கண்காட்சிக்கு அவர்களும் வருவார்கள்.

இனி, அட்டையின் திசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் மாணவர்கள் அறியாதது பெரும்பாலும் இதுவே.

தாள் என்பது இழைகளின் பின்னல். கையால் தாள் செய்பவர், கூழ் கரைந்த தொட்டியில் சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தி எடுத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைப்பார். இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து படியும். 1799-இல் லூயி நிக்கோலா ராபர் என்னும் பிரெஞ்சுக்காரர், முடிவில்லாமல் ஓடும் கம்பிவலைமேல் கூழை ஊற்றி நீண்ட தாளாக எடுக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஃபூர்திரினியர் உடன்பிறப்புகள் பொருளுதவி செய்ய, அது வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஓடும் வலைமேல் விழும் இழைகள், ஆற்றில் மிதக்கும் வைக்கோல் நீரோட்டத்தின் வழியே நீள்வதுபோல், பொறி ஓடும் திசையிலேயே பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. ஆகவே பொறியில் செய்த ஒவ்வொரு தாளுக்கும் அட்டைக்கும் ஓர் இழையோட்டம் உண்டு. அந்த ஓட்டத்தின் வழியே அட்டை விறைப்பாக இருக்கும். குறுக்கே அதில் ஏறத்தாழ பாதி விறைப்பே இருக்கும்.

இழையோட்டம் எந்தப் பக்கம் என்று அறிவது கடினமன்று. சதுரமான ஒரு துண்டை எடுத்து இரு கைகளாலும் ஒரு திசையில் மெல்ல வளைத்துப் பாருங்கள். பிறகு திருப்பி மறு திசையில் வளையுங்கள். எப்போது எளிதாக வளைகிறதோ அப்போது மடிப்பின் கோடு இழையோட்டத்துக்கு இணையாக இருக்கிறது. மெல்லிய தாளாயின் கிழித்துப் பார்க்கலாம். ஓட்டத்தின் வழியே நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகக் கிழியும். ஐயம் நீங்காவிட்டால் ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நீரால் தடவுங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாட்டே இழையோட்டம்.

கடைசியிற் சொன்ன சோதனை எப்படி நிகழ்கிறது? இழை நீரை உறிஞ்சினால் நீளத்தில் மிகச் சிறிதே வளரும். பருமனில் நன்றாகப் பருக்கும். ஊறிய பயறு போல என்று வைத்துக்கொள்ளலாம். எனவே ஈரம் பட்ட அட்டை இழையோட்டத்துக்குக் குறுக்கேதான் விரிகிறது. விரிவு நூற்றுக்கு அரைப்பங்கு என்று கொண்டாலும், 66 செண்டிமீட்டர் அகலமுள்ள அட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். நான்கு பக்கமும் ஒட்டி இறுக்கிய சுவர் எங்கே போகும்? வெளியே பிதுங்கும். வடகிழக்குப் பருவக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டம் கடலுக்கு அண்மையில் இருப்பதை அட்டை நமக்கு நினைவூட்டுகிறது. கோடையில் செய்து வைத்த உருவம் மழையில் விரியும். மழையில் செய்தது தை பிறந்தபின் சுருங்கும். இதைத் தடுக்க முடியாது. ஆனால் அட்டையின் விரிவு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம்.

கல்யாண மகாலை எடுத்துக்கொள்வோம். சதுரமான அடித்தளத்தின்மேல் மாடத்தின்மேல் மாடமாக எழுந்து கூம்புக் கூரையில் முடியும் மாளிகை அது. ஒரு மாடத்தின் நான்கு சுவர்களையும் ஒரே நீளத் துண்டில் வரைந்து மூன்று இடங்களில் மடித்தால் சதுரம் வந்துவிடும். மடிப்புகள் மூன்றும் நிலத்துக்குச் செங்குத்தானவை. மடிப்பு இழையோட்டத்துக்கு இணையாக இருந்தால் கூர்மையாகவும் வெடிப்பின்றியும் அமையும்; எனவே ஓட்டமும் செங்குத்தாக இருக்க வேண்டும். மேல்மாடங்களின் பாரத்தைத் தாங்குவதற்கும் அதுவே தக்கது. இவ்வாறு இரண்டு காரணங்களும் ஒரே திசையைக் காட்டுவது நம் நற்பேறு. ஆனால் அட்டையின் நீளவாட்டில் ஓட்டம் இருந்தால், நீளத் துண்டை நீளவாட்டிலேயே வெட்டிவிடுவது மாணவர் வழக்கம். மிச்சம் பிடிக்கலாம் அன்றோ! அந்த மிச்சம் பிறகு சுவரில் வயிறாகத் தெரிகிறது.

இதற்கு 300 முதல் 350 ஜி.எஸ்.எம். வரையுள்ள டூப்ளக்ஸ் அல்லது ஐவரி அட்டை போதும். வளைவு வாயில்களைக் கத்தியால் வெட்ட வேண்டியிருப்பதால், கையில் காசிருந்தால் ஐவரியையே வாங்குங்கள். சாம்பல் அட்டையில் சிறு வளைவை வெட்டினால் ஓரம் பஞ்சாகிவிடும். மடிக்கும் முன், மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை வைத்து அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். கோட்டின் பள்ளம் வெளிப்புறத்தில் இருக்குமாறு மடிக்க வேண்டும். பலர் உட்புறமாக மடித்துவிடுகிறார்கள். அழுத்திய இடத்தில் அட்டையின் அடுக்குகள் பிரிந்து மறுபுறம் ஒரு சிறு முதுகு எழும்புகிறது. அந்த முதுகு மடிப்பின் உள்ளே அடங்கினால்தான் வெளிப்புறத் தோல் கிழியாது. ஒவ்வொரு மாடத்துக்கும் தளமாக நாள்காட்டி அட்டையில் ஒரு சதுரம் வெட்டி உள்ளே பொருத்திவிட்டால் சுவர்களுக்கு வளையும் சுதந்திரம் இராது. கூம்புக் கூரையின் மடிப்புகள் உச்சியிலிருந்து விரிந்து செல்வதால் எல்லாவற்றையும் இழையோட்டத்துக்கு இணையாக வைக்க இயலாது. கூரையை இரு பாதியாகச் செய்து, ஒவ்வொரு பாதியின் நடு மடிப்பையும் ஓட்டத்தின்மேல் வைத்து, பிறகு இரண்டையும் ஒட்டுவது நலம்.

குன்றுகளின் கணக்கு வேறு. இந்திய நில அளவைத் துறையின் 50,000-இல் ஒரு பங்கு அளவுள்ள படங்களில் பெரும்பாலும் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகச் சமவுயரக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். செஞ்சியின் மதிற் சுவர்கள் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமும், அவை வளைத்த நிலம் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடையவை என்பர். இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். படத்தைப் பத்து மடங்கு பெருக்கி 5,000-இல் ஒரு பங்காக்கினால், கோட்டை முழுவதும் 66 செண்டிமீட்டர்ச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். வகுப்பறை மேசைக்கு அளவானது. 20 மீட்டர் என்பது 4 மில்லிமீட்டர் ஆகும். ஆக, 2 மில்லிமீட்டர் அட்டை இரண்டை ஒட்டினால் ஒரு படி; 12 படிகளில் இராசகிரி. இங்கே அட்டையின் தடிமனை முடிவு செய்வது கடைக்காரரும் அல்லர், நாமும் அல்லோம்; நிலப்படத்தின் கோடுகளே முடிவு செய்கின்றன. குன்று 5 செண்டிமீட்டர்கூட உயரவில்லையே என்று சிலர் உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்குவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையை வெளியே நிறுத்தி வைத்த பாறைக்கு நம் உபகாரம் தேவையில்லை.

இரண்டு அட்டைகளை ஒட்டும்போது ஒன்றின் இழையோட்டம் மற்றொன்றுக்குக் குறுக்காக இருக்கட்டும். ஒன்று விரிய முயலும் திசையில் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பலகையின் உத்தி இதுவே. பசை ஈரமுள்ளது என்பதால், ஒட்டியபின் மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு முழுவதும் வைக்க வேண்டும். புத்தகம் கட்டுவோர் மைதாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது. ஓர் அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணத் தாளை ஒட்டினால் அது அப்பக்கமாக வளையும். பின்புறமும் ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள்; சண்டை சமனாகிவிடும்.

செலவைப் பற்றியும் பார்ப்போம். 2 மில்லிமீட்டர் சாம்பல் அட்டை ஒரு சதுர மீட்டருக்கு 1,250 கிராம் அளவில் நிறுக்கும். 66 செண்டிமீட்டர்ச் சதுரத்தில் இரண்டை ஒட்டிய ஒரு படி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 12 படிகளையும் முழுச் சதுரத்திலிருந்து வெட்டினால் 24 அட்டைகள் வேண்டும். 13 கிலோ அட்டைக்கு விலை கொடுத்தவர் ஆவோம். இதை நான்கு அட்டைகளில் முடிக்க வழி இருக்கிறது.

அட்டைகளை இரண்டிரண்டாக ஒட்டி இரண்டு இணைகளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எல்லாச் சமவுயரக் கோடுகளையும் வரையுங்கள். முதல் இணையில் 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் வெட்டுங்கள். இரண்டாவதில் 2, 4, 6, 8 என்னும் இரட்டைப்படைக் கோடுகளை வெட்டுங்கள். முதலில் கிடைப்பது 1-க்கும் 3-க்கும் இடைப்பட்ட வளையம். அதன்மேல் இரண்டாவது இணையிலிருந்து 2-க்கும் 4-க்கும் இடைப்பட்ட வளையத்தை வையுங்கள். 2 முதல் 3 வரையுள்ள பகுதி கீழ் வளையத்தின்மேல் அமர்ந்துகொள்ளும். அதன்மேல் 3-க்கும் 5-க்கும் இடைப்பட்டது. இப்படியே ஏறிச் சென்றால் உள்ளே வெற்றிடமுள்ள குன்று எழும்பிவிடும். கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் அதே அட்டைகளிலேயே வந்துவிடும். அடித்தளத்துக்கு மட்டும் தனியே ஓர் அட்டை. அட்டையின் அளவு சற்றுக் குறைந்தால் ஓரத்துச் சமவெளியில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இம்முறைக்கு ஓர் இடர் உண்டு. பாறை செங்குத்தாகும் இடத்தில் கோடுகள் நெருங்கிவிடும். 45 பாகைச் சரிவில் வளையம் அமர 4 மில்லிமீட்டர் அகலமே கிடைக்கும். இராசகிரியின் பக்கங்களில் அதுவும் கிடைக்காது. அங்கே கழிவுத் துண்டுகளை உள்ளே தூண்களாக நிறுத்தி முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய கழிவுகளை எறிந்துவிடாதீர்கள் என்பதற்கு அதுவே காரணம்.

படிகள் தெரியாமல் பாறைத் தோல் போர்த்துவதற்குப் புதுச்சேரியில் செய்யும் கைத்தாள் மிகவும் பொருந்தும். அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் தொடங்கிய கைத்தாள் தொழிற்கூடம் விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவின் நீண்ட இழைகளால் ஆன கைத்தாள் ஈரத்தில் பிய்ந்துபோகாது. இழையோட்டம் இல்லாமையால் எப்பக்கம் இழுத்தாலும் வளைவுக்கு இசைந்து படியும். விலை சற்று மிகுதி. உச்சிப் பாறைக்கு மட்டும் அதனை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று படை ஒட்டினால் தீங்கில்லை. செய்தித்தாள் வெயிலில் மஞ்சளாகிவிடும். மரத்தின் லிக்னின் என்னும் பொருள் அதில் நீங்காமல் இருப்பதே காரணம். மேலே வண்ணம் பூசப்போவதால் இங்கே அது பொருட்டன்று.

மதிற் சுவர் மிஞ்சியிருக்கிறது. 13 கிலோமீட்டர்ச் சுவர் நம் அளவில் 2 மீட்டர் 60 செண்டிமீட்டர் நீளமுள்ள அட்டைப் பட்டையாகும். உண்மையான அளவில் செய்தால் அதன் உயரம் 2 மில்லிமீட்டர்கூட இராது, கண்ணுக்குத் தெரியாது. எனவே 5 மில்லிமீட்டர் உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். இது குன்றின் வளைவுகளோடு நெளிந்து செல்ல வேண்டும். பட்டையை இழையோட்டத்தின் நீளவாட்டில் வெட்டினால் அது வளைய மறுத்துத் துள்ளி நிமிரும். பசை காயும்வரை கையால் பிடித்துக்கொண்டே இருக்க நேரிடும். ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டினால், உயரத்தின் வழியே இழைகள் நிற்க, பட்டை சாரைப்பாம்பு போல நெளிந்து கொடுக்கும். இதற்குத் தடித்த அட்டை வேண்டாம், 200 ஜி.எஸ்.எம். போதும். திருமண அழைப்பிதழ்களே போதும் என்றாலும் தவறாகாது.

எல்லாம் முடிந்தபின் உருவத்தைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தால், கல்யாண மகாலைக் கோட்டையோடு ஒட்டாமல் தனிப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவே வேறு ஆதலின் அருகில் தனியே நிறுத்துவதே முறையுமாகும். பெட்டிக்குள் மகாலின் நான்கு புறமும் கசக்கிய செய்தித்தாளை அடையுங்கள். மழை நாளானால் பெட்டியின்மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, போய்ச் சேர்ந்தவுடன் எடுத்துவிடுங்கள்; உறைக்குள் அடைபட்ட ஈரம் வெளியிலுள்ள ஈரத்தைவிடப் பொல்லாதது. பேருந்தில் சாமான் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வது நல்லது. நடத்துநர்கள் பெரும்பாலும் இடம் கொடுத்து உதவுவார்கள்.